கண்ணேறுக்குப் பயந்தவர்

ஆஸ்பத்திரியில் என் அண்ணனுக்கு ஊசிக்காரர் என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாகப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறார். வீறிட்டு அழும் பிள்ளைகளை மற்றவர்கள் அவரிடம்தான் தள்ளிவிடுவார்கள். "தங்கம், உன்ன மாதிரி தைரியசாலிய நான் பார்த்ததே இல்ல" என்பார். பிள்ளையும் அதை நம்பிக் கையை நீட்டும். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் தைரியசாலி. பெற்ற மகள் மட்டும் மக்கு.

அதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. இரண்டாம் வகுப்பில் மகள் முதல் மார்க் வாங்கியபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாளே அவளுக்குக் காய்ச்சல். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று அன்றோடு பாராட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். மைக்ராஸ்கோப்பில் கிருமியைப் பார்க்கிற மனுஷன் கண்ணேறுக்குப் பயந்தார்! "மக்கு, சாப்பிட்டியா?" "நம்ம மக்கு கணக்குல பாஸா? இன்னைக்கு மழைதான்." எல்லாம் கொஞ்சல்தான். நானும் கூடவே சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

பதினைந்து வயதில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. அண்ணிக்குக் காலை ஷிஃப்ட். அவளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது மாடியில் குடியிருக்கும் என் பொறுப்பு. யூனிஃபார்மைப் போட்டதும் சுருண்டுவிடுவாள். தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. அண்ணன் தன் கையாலேயே மூன்று முறை ரத்தம் எடுத்தார். ஸ்கேனும் பார்த்தாயிற்று.

"எல்லாம் சரியா இருக்கு. உனக்கு ஒண்ணுமில்ல மக்கு!" என்றார் சந்தோஷமாக.

"எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு எனக்கே தெரியும்பா" என்றாள்.

அவர் சிரித்தார். எனக்குப் பகீரென்றது. இருவரையும் மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா அவளிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"வலி நிஜம்தான், நடிப்பில்ல. தன்னால எதுவும் முடியாதுன்னு நம்புற பிள்ளைக்குத் தினமும் பரீட்சைதான். அந்தப் பயம் தூக்கத்தையும் பசியையும் தின்னுடுது. அப்பா செல்லமாத்தான் கூப்பிடுறார், ஆனா உண்மையத்தானே சொல்றார்னு கேக்குறா. சரியாகும், நாளாகும். வாராவாரம் கூட்டிட்டு வாங்க."

அண்ணன் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஊரான் பிள்ளைக்கெல்லாம் வாரி வாரிக் கொடுத்தேனே" என்றார். நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனேன். பாவி மனுஷன், பொத்திப் பொத்தி வளர்த்ததாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, யூனிஃபார்மோடு கட்டில் ஓரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ ரொம்பக் கெட்டிக்காரிம்மா. உன்ன நினைச்சா அப்பாவுக்கு அவ்ளோ பெருமையா இருக்கு."

அவள் முகம் வெளுத்துப்போனது. அவரைப் பார்த்தாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, ரிப்போர்ட்ல என்ன வந்திருக்கு? நான் பொழைக்க மாட்டேனா?"