கோர்ஸ் சரி, வேலை போச்சு

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால், ஒரு கூட்டமே கருத்து சொல்லிவிட்டு எனக்காகக் காத்திருந்தது.

என் பிழைப்பு என்னவென்று இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. ஆன்லைன் கோர்ஸ் நடத்தும் ஒரு கம்பெனியில், படித்து முடித்தவர்கள் எழுதுகிற கருத்துகளைப் படித்துப் பதில் போடுவதுதான் என் வேலை. ஒன்பது வருஷமாகிறது. மும்பை மாட்டுங்கா வீட்டின் சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். வாரத்தில் ஒரு நாள் செம்பூர் ஆபீஸுக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவேன்.

அன்று வந்தவை எல்லாம் ஒரே கோர்ஸுக்கு. கம்ப்யூட்டர், பிரின்டர், சாஃப்ட்வேர் எதிலாவது கோளாறு என்றால் அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பது எப்படி... மொத்தம் எட்டுப் பாடம். 

'குட்.' 'நைஸ்.' 'சூப்பர் சார்.' 'சார் கொஞ்சம் மெதுவாகப் பேசவும்.' அடுத்தவர், 'சார் கொஞ்சம் வேகமாகப் பேசவும்.' நாலு பேர் சர்டிஃபிகேட் எப்போது வரும் என்று கேட்டிருந்தார்கள். ஒருவர், 'எல்லாம் புரிந்தது. ஆனால் என் வீட்டு வைஃபை இன்னும் வேலை செய்யவில்லை' என்று எழுதியிருந்தார். எல்லோருக்கும் ஒரே பதில்தான் – 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி.' விரல் தானாகவே போட்டுவிடும். 'குட்' என்பதில் மேலென்ன, கீழென்ன?

நடுவில் ரோஹனின் போன். ரோஹன் என் மேலதிகாரி. என் மகளைவிட இரண்டு வயது சின்னவன். தமிழ் தெரியாது, எங்களுக்குள் இந்திதான்.

"கோமதி ஜி, ஒரு ஒன் ஸ்டார் வந்திருக்கு. என்ன பாஷைன்னே புரியலை. உங்க ஆளுங்களோன்னு தோணுது. பாருங்க."

பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் இந்தி படித்து வளர்ந்த எங்கள் மும்பைப் பிள்ளைகளின் தமிழ்.

'கோர்ஸ் சரி. சார் சொல்லித் தந்தது சரி. அவர் சொன்னபடியே செஞ்சேன். தப்பு கெடச்சுது. வேலை போச்சு.'

பெயர் முத்துலட்சுமி. ஊர் என்ற இடத்தில் தாராவி.

அர்த்தம் சொன்னேன். ரோஹன் கொஞ்சம் யோசித்தான். "கோர்ஸ் நல்லா இருக்குன்னுதானே சொல்றாங்க? அப்புறம் எதுக்கு ஒரு ஸ்டார்? அந்த ஒண்ணு மொத்தத்தையும் கீழே இழுக்குது. நீங்க பேசி மாத்தச் சொல்லுங்களேன்."

இப்படிப் பேசி மாற்றுவதும் என் வேலையில் சேர்த்தி. எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். பெருமையாகச் சொல்லவில்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

முத்துலட்சுமிக்குப் போன் செய்தேன். "போன்ல சொல்ல முடியாது மேடம், நேர்ல வாரேன்" என்றாள். மறுநாள் மாட்டுங்கா மார்க்கெட் பக்கத்துக் காபிக் கடையில் சந்தித்தோம். முப்பது வயதிருக்கும். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

மாஹிமில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அந்த லேபில் திடீரென்று ரிப்போர்ட்டுகள் மாற ஆரம்பித்தன. சர்க்கரையே இல்லாத ஒரு பெரியவருக்கு, எக்கச்சக்கமாகச் சர்க்கரை இருப்பதாக ரிப்போர்ட் போய்விட்டது. அவருடைய டாக்டர் சந்தேகப்பட்டு மறுபடி பார்க்கச் சொன்னதால் தப்பித்தார். அந்த ரிப்போர்ட் வேறு ஒருவருடையது.

"எல்லாரும் ஷபானா மேலதான் பாய்ஞ்சாவ. ரெண்டாம் கவுன்ட்டர்ல இருக்கிற புள்ள. அவ டைப் பண்ணதுதான் தப்புன்னு மேனேஜர் சொல்லிட்டாவ. 'இன்னொரு தடவ ஆச்சு, கல் சே மத் ஆனா'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாவ, மேடம். நாளையில இருந்து வராதேன்னு... அவ பாத்ரூம்ல போயி நின்னு அழுதா."

"நீங்க என்ன பண்ணினேள்?"

"நானா? அப்பதான் உங்க கோர்ஸ்ல அஞ்சாம் பாடம் பாத்துட்டு இருந்தேன். 'ஊகம் பண்ணாதே. கோளாற மறுபடி வரவழைச்சுப் பாரு'ன்னு சார் சொல்லுவாவல்லா? அதயே செஞ்சேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லேப் மூடிய பிறகு, முதல் கவுன்ட்டரில் முத்துலட்சுமியும் இரண்டாவதில் ஷபானாவும் உட்கார்ந்தார்கள். கற்பனையாக ஆளுக்கொரு பேஷன்ட்டைப் பதிந்துகொண்டு, 'ஏக், தோ, தீன்' என்று எண்ணி, ஒரே நேரத்தில் பட்டனைத் தட்டினார்கள். சரியாகத்தான் வந்தது. மறுபடி தட்டினார்கள், அப்போதும் சரி. ஒவ்வொரு தடவையும் என்ன நம்பர் வந்தது என்று முத்துலட்சுமி நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள்.

அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினாள். முப்பத்தேழாவது வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு.

"இங்கதான் மேடம் மாட்டிச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர். ஷபானா சேர விட்டு எழுந்து குதிச்சிட்டா!"

இரண்டு நோயாளிகளுக்கு ஒரே நம்பர் என்றால் ஒருவர் ரிப்போர்ட் இன்னொருவருக்குப் போகும். டைப் செய்த பெண் என்ன செய்வாள்? முத்துலட்சுமி அதோடு விடவில்லை. ஏன் ஒரே நம்பர் வருகிறது என்று மேலும் தோண்டினாள். அந்த சாஃப்ட்வேர் ஒரே ஒரு கவுன்ட்டருக்கென்று வாங்கியது. இரண்டாவது கவுன்ட்டர் திறந்தபோது, கம்பெனிக்காரனைக் கேட்காமல், முதல் கம்ப்யூட்டரில் இருந்ததை அப்படியே காப்பி எடுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாமல், பட்டன் தட்டிய கணத்தை வைத்துத் தனித்தனியாக நம்பர் கொடுத்து, பிறகு ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தன. 

"கடைசிப் பாடத்துல, 'கண்டுபிடிச்சத எழுது. யார் மேலயும் பழி போடாத. சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் அனுப்பு'ன்னு சொல்லுதாவ. எழுதினேன். மேனேஜருக்கு, லேப் டாக்டருக்கு, மொதலாளிக்கு, எல்லாருக்கும் ஒரே மெயில்." 

"மேனேஜர் பேரை எழுதினேளா?"

"இல்ல மேடம், சத்தியமா பேரு எழுதல. என்னைக்குக் காப்பி எடுத்ததுன்னு தேதி மட்டும் எழுதினேன்." காபியை ஒரு வாய் குடித்தாள். "அந்தத் தேதியில கவுன்ட்டரத் தொறந்து, ஃபோட்டோ எடுத்து, எல்லாருக்கும் பேடா குடுத்தது அவியதான்னு லேப்ல எல்லாருக்கும் தெரியும்."

அந்த வாரமே இரண்டாவது கவுன்ட்டரில் முறையான சாஃப்ட்வேர் வந்துவிட்டது. ஷபானா மேல் இருந்த பழி போனது. பதினைந்து நாள் கழித்து, இனிமேல் கம்ப்யூட்டர் வேலையை வெளி ஆட்களிடம் கொடுக்கப் போகிறோம் என்று சொல்லி முத்துலட்சுமியை நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் அங்கேயேதான் இருக்கிறார்.

"ஷபானா தெனமும் போன் பண்ணுதா. என்னாலதானேன்னு அழுதா. ஏ, விடுட்டீன்னு சொன்னேன். ஆனா ராத்திரி சோறு எறங்கலக்கா."

மேடம் எந்த இடத்தில் அக்காவானேன் என்று கவனிக்கவில்லை.

இனி நான் வந்த வேலையைச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? வேலை இழந்து உட்கார்ந்திருப்பவளிடம் நாலு ஸ்டார் கேட்பதா? கேட்டேன். ஒன்பது வருஷப் பழக்கம் வாயைத் திறக்க வைத்துவிட்டது. "ஒரு ஸ்டார்னா எங்க ஆபீஸ்ல கொஞ்சம் பிரச்சினை ஆறது..." என்று இழுத்தேன்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ என்னைச் சமாதானப்படுத்தினாள்.

"உங்களக் கேள்வி கேக்காவளாக்கா? அதுக்கென்ன, இப்பமே அஞ்சாக்கிருதேன். சார் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. ஆனா எழுதினத மாத்த மாட்டேன். அது நடந்ததுல்லா?"

என் கண் முன்னாலேயே போனை எடுத்து ஐந்தாக்கினாள். நான் நன்றி சொன்னேன். வீட்டுக்கு நடந்து வரும்போது, அந்த 'நன்றி' எனக்கே கசந்தது.

ரோஹனுக்கு ஏக சந்தோஷம். "கமால் கர் தியா, கோமதி ஜி!" என்று பாராட்டினான். எண்ணைத்தான் பார்த்தான். எழுத்தை யார் பார்க்கிறார்கள்?

நான் அதோடு நிற்கவில்லை. கண்டுபிடித்த தப்பை மேலே இருப்பவரிடம் எப்படிச் சொல்வது, சொல்வதற்கு முன் யாரைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்று ஒன்பதாவதாக ஒரு பாடம் சேர்க்கலாமே என்று மெயில் எழுதினேன். 'இது டெக்னிக்கல் கோர்ஸ்' என்று ஒரு வரியில் பதில் வந்தது. இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்பது டெக்னிக்கல் விஷயமில்லை போலும்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

எங்கள் இணையப் பக்கத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. ஐந்து ஸ்டார் கருத்துகளில், 'குட்', 'நைஸ்' என்று ஒற்றை வார்த்தையில் எழுதாமல், கொஞ்சம் நீளமாக எழுதியது எதுவோ அது தானாகவே மேலே வந்துவிடும். ஒரு ஸ்டாராகவே இருந்திருந்தால் முத்துலட்சுமி எழுதியது அடியில் எங்கேயோ கிடந்திருக்கும். இப்போது உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் மொழிபெயர்க்கிற பட்டன் வேறு. கோர்ஸ் வாங்க வருகிற ஒவ்வொருவர் கண்ணிலும் முதலில் படுவது – ஐந்து ஸ்டார், கீழே 'வேலை போச்சு'. அதற்கடியில் ஆளாளுக்குத் தங்கள் கதையை எழுத ஆரம்பித்துவிட்டார்கள். தாணேயிலிருந்து ஒருவர், கோவண்டியிலிருந்து ஒரு பெண்... எல்லோரும் தப்பைக் கண்டுபிடித்தவர்கள்தான். எல்லோரும் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள்தான்.

போன வாரம் ரோஹன் கூப்பிட்டான். குரலில் சுரத்தில்லை.

"கோமதி ஜி... அதைத் திரும்ப ஒரு ஸ்டாராக்கச் சொல்ல முடியுமா?"

சிரிப்பு வந்துவிட்டது. "முடியாது ரோஹன்" என்றேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. அவன் பெருமூச்சு விட்டு, "டீக் ஹை" என்று ஒப்புக்கொண்டு போனை வைத்துவிட்டான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சொந்த வீடும் கணவரின் பென்ஷனும் இருக்கும் என்னைப் போன்றவளுக்கு 'முடியாது' என்பது இவ்வளவு லேசான வார்த்தை. தாராவியில் வாடகை வீட்டில் இருப்பவளுக்கு ஒரு தேதி எழுதியதற்கே வேலை போயிற்று.

அன்று சாயந்திரம் முத்துலட்சுமியைக் கூப்பிட்டேன். ஸ்டார் பற்றி இல்லை. எப்படி இருக்கிறாள் என்று கேட்கத்தான்.

"வேல கெடச்சிருச்சுக்கா! செம்பூர்ல ஒரு ஸ்கூல்ல. கம்ப்யூட்டர் ரூம் முழுசும் என் பொறுப்பு."

மனசு லேசானது. "இன்டர்வியூல, பழைய வேலையை ஏன் விட்டேன்னு கேட்டிருப்பாளே? என்ன சொன்னே?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஊர்ல அம்மைக்கு ஒடம்பு சரியில்லைன்னு போயிருந்தேன்னு சொல்லிட்டேன்க்கா."

எட்டுப் பாடத்திலும் இது இல்லை. தானாகவே படித்துக்கொண்டாள்.