ஆடியில் பேர் மாற்றிய விளம்பரக் கம்பெனி

எங்கள் ரோஜா நாற்றுப் பண்ணை பாகலூர் ரோட்டில் இருக்கிறது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் என் கண்ணில் படாமல் ஒரு நாற்றுகூட வண்டி ஏறியதில்லை. ஊரில் யார் எதை வாங்கினாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

கம்ப்யூட்டர் விளம்பரத்தைக் கொண்டுவந்தது என் மருமகள். பெங்களூரில் ஒருவர் செடி வளர்ப்பதைப் பற்றிக் கம்ப்யூட்டரில் படித்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் வரும். ஓசூர் ரோஜா நாற்று என்று போட்டு, எங்கள் போன் நம்பரும் அதில் இருக்கும். யார் யாருடைய பக்கங்களையோ ஒன்றாகச் சேர்த்து, அந்த ஓரங்களில் விளம்பரம் போட்டுக்கொடுக்க ஒரு கம்பெனி இருந்தது. அதற்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஓர் ஏஜெண்டு.

முதலில் நான் நம்பவில்லை. பிறகு போன் வந்தது. மாடியில் தொட்டி வைக்கிறவர்கள், புதுவீடு கட்டினவர்கள் என்று கன்னடத்திலும் தெலுங்கிலும் கேட்டார்கள். எனக்கு எந்தப் பாஷையானால் என்ன. நன்றாக நடக்கிறது என்று தெரிந்தபின் இரண்டு பேரிடம் நானே சொன்னேன். ஒருவர் சிப்காட் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்த மதுரைக்காரர். இன்னொருவர் தேன்கனிக்கோட்டையில் யானை வராமல் சோலார் வேலி போட்டுக்கொடுப்பவர். "நான் சொல்றேன், தைரியமா சேருங்க" என்றேன். சேர்ந்தார்கள்.

ஓர் ஆடி மாதம் அந்தக் கம்பெனி பேரை மாற்றிக்கொண்டது. இங்கிலீஷில் ஒரு மெயில் வந்ததாம், அவ்வளவுதான். கட்டத்துக்கு அடியில் இருந்த கம்பெனியின் மஞ்சள் குறியும் போய், வாயில் நுழையாத ஒரு பேர் நீலத்தில் வந்திருந்தது. மறுநாளே இரண்டு பேரும் பண்ணைக்கு வந்துவிட்டார்கள்.

"என்னக்கா, பேரை மாத்திட்டாய்ங்களே," என்றார் லேத்துக்காரர்.

"மாத்தட்டும். உனக்கென்ன?"

"ஆடியில எவனாச்சும் புதுப் பேரு வைப்பானாக்கா? எம் பட்டறைக்கு போர்டு மாட்ட ஆவணி வரைக்கும் காத்திருந்தேன். ஆடியில மாத்துறான்னா, எவனுக்கோ பயந்து ஓடுறான்னு அர்த்தம்."

"கன்னடக்காரங்களும் ஆஷாடத்துல செய்ய மாட்டாங்கக்கா," என்றார் வேலிக்காரர். "கம்பெனி கை மாறிப்போச்சுன்னு நினைக்கிறேன்."

எனக்கும் நெஞ்சில் முள் தைத்த மாதிரிதான் இருந்தது. எங்கள் கடைத்தெருவில் ஒரு கடையின் பேர் மாறினால், பழைய ஆள் கொஞ்ச நாளைக்குக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிற ஒவ்வொருவரிடமும், "நம்ம கடைதான், பேரு மட்டும்தான் வேற" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் ஜனங்கள் உள்ளே வருவார்கள். இங்கே ஸ்டூலில் உட்கார யார் இருக்கிறார்கள்?

மூன்று பேருமாக ஏஜெண்டிடம் போனோம்.

"கம்பெனிக்காரர் ஒருத்தர் வந்து எங்க முன்னாடி சொல்லணும். அதுவரைக்கும் எங்க விளம்பரத்த நிறுத்தி வைப்பா," என்றேன்.

அவன் ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டான். "அம்மா, நானே அவங்கள பாத்ததில்லீங்க. எல்லாம் மெயில்லதாங்க. ஆபீசு எந்த ஊர்ல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதுங்க."

லேத்துக்காரர் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். முகமே தெரியாத ஒருவனுக்காக நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அங்கே நான் தலையைக் குனியவில்லை. "நிறுத்துன்னா நிறுத்து," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அதன்பிறகு போன் ஓய்ந்தது. மழைக்காலம்தான் நாற்று போகிற காலம். போகாமல் நின்ற நாற்றுகள் பிளாஸ்டிக் பையைக் கிழித்துக்கொண்டு தரையில் வேர்விட ஆரம்பித்தன. அப்படி வேர்விட்டதைப் பிடுங்கினால் பாதி பிழைக்காது. தினமும் வரிசை வரிசையாகப் பைகளைத் தூக்கித் தூக்கி இடம் மாற்றிவைத்தோம்.

லேத்துக்காரர் மறுபடியும் வந்தார், கூடவே வேலிக்காரரும். "பாத்தீங்களா? ஒரு போனு கிடையாது. கம்பெனி ஓடியே போச்சு. நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

பை தூக்கிக்கொண்டிருந்த மருமகள் நிமிர்ந்தாள். "அண்ணா, விளம்பரத்த நிறுத்தச் சொன்னது நாமதான? அப்புறம் எப்பிடி போன் வரும்?"

வேலிக்காரர் சிரித்துவிட்டார். லேத்துக்காரர் சிரிக்கவில்லை. "நீ சும்மா இரும்மா. அக்கா சொல்லட்டும். நல்ல கம்பெனியா, இல்லையா?"

நல்ல கம்பெனிதான் என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? கெட்ட கம்பெனி என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. யாரைக் கேட்டாலும் அந்த மெயிலைத்தான் காட்டினார்கள். கடைசியில் சொன்னேன்: "எனக்குத் தெரியல. என் விளம்பரத்த மட்டும் மொதல்ல போடச் சொல்றேன். பள்ளமா இருந்தா நான் விழறேன். நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டு வாங்க."

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லி அதுவரைக்கும் லேத்துக்காரர் கேட்டதில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆவணியில் எங்கள் கட்டம் திரும்ப வந்தது, புதுப் பேரோடு. இரண்டொரு நாளில் பெங்களூரிலிருந்து ஓர் அம்மா கன்னடத்தில் சிவப்பு ரோஜா இருக்கிறதா என்று கேட்டார். அவரிடம் விளம்பரக் கம்பெனியின் பேரைக் கேட்டேன். அப்படி ஒன்றையும் பார்க்கவில்லை, பூவின் படத்தைத்தான் பார்த்தேன் என்றார். பிழைத்த நாற்றெல்லாம் போயிற்று. தரையில் வேர்விட்டதை அப்படியே விட்டுவிட்டோம். அது இப்போது வேலியோரத்தில் புதராக நிற்கிறது.

மற்ற இருவரும் திரும்பச் சேர்ந்தார்கள். வேலிக்காரர் பழையபடிதான் இருக்கிறார், வந்தால் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் போவார். லேத்துக்காரரும் மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "சௌக்கியமாக்கா?" என்பார். ஆனால் முன்பு மாடு வாங்க, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்று எதற்கும் என்னிடம் வந்தவர், அதற்குப்பின் ஒன்றும் கேட்டதில்லை.

சூளகிரி பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்குத் தாம்பூலத்தட்டோடு வந்து, "அக்கா கண்டிப்பா வரணும்" என்று கூப்பிட்டார். போனேன். வீடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது ஏரி நிரம்பினால் தண்ணீர் வருகிற பள்ளம். வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சாப்பிட்டுவிட்டு, நல்லா இருங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.