கிளம்புங்கடி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்தத் தேயிலை ஸ்டோரில் காம்பு பொறுக்குகிற பெண்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. வெள்ளைக்காரத் துரை வந்தாலும் பெரிய கிளாக்கர் வந்தாலும் எழும்பி நிற்க வேண்டும். பொறுக்கின காம்பின் நிறைக்குத்தான் கூலி. எழும்பினால் மடியில் கிடக்கிற தேயிலை கொட்டும், கை நிற்கும், கூலி குறையும். துரை எப்போதாவதுதான் அந்தப் பக்கம் வருவார். பெரிய கிளாக்கர் நமசிவாயமோ வெற்றிலை துப்பப் போனாலும் அந்த வழியாகத்தான் போவார், துப்பிவிட்டு அந்த வழியாகத்தான் வருவார்.

இராமலெட்சுமியக்காவும் எழும்புவார். ஆனால் எல்லாரும் எழும்பி நின்று, மறுபடி குந்துகிற நேரம் பார்த்துத்தான் எழும்புவார்.

"என்ன, உமக்கு மட்டும் தனி மணிக்கூடோ?" என்று கிளாக்கர் கேட்பார்.

"முழங்கால் என்னுதுங்க. அது சொல்றப்பதான் எந்திரிக்கும்."

ஜம்பட்டா வீதிக்குப் பின்னால், ஒரு தண்ணீர்ப் பைப்பைச் சுற்றி நெருக்கியடித்துக் கட்டின வீடுகளில் ஒன்று அக்காவுடையது. அதற்கு அடுத்த அறை என்னுடையது. எங்கள் ஊரில் பீ.ஏ. பாஸ் பண்ணின முதல் ஆள் நான். அதை யாரிடமும் சொல்ல நான் கூச்சப்பட்டதில்லை. சட்டம் படித்துக்கொண்டு, புரொக்டர் ஒஸ்வால்டின் கந்தோரில் வேலை பார்த்தேன். அக்காவுக்கு என் பட்டம் பெரிசாகத் தெரியவில்லை. "பீ.ஏ. தம்பி, வாளியத் தூக்குங்க, வரிசை நகருது" என்பார்.

தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்து, கலியாணமான கையோடு கொழும்புக்குக் கப்பலேறினவர். துறைமுகத்தில் கரி சுமந்த புருசன், தாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் வரவேயில்லை. தேடிப் போகவில்லையா என்று பைப்படியில் ஒருத்தி கேட்டபோது, "ஏன், தொலைஞ்சது நானா?" என்று திருப்பிக் கேட்டார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வருசம் அது நடந்தது. அக்காவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வேலை செய்கிற பேர்ணடெற் நிறைமாதக்காரி. கிளாக்கர் வந்தபோது அவளால் சட்டென்று எழும்ப முடியவில்லை. ஒரு கையை நிலத்தில் ஊன்றி, மறு கையால் சுவரைத் தேடிக்கொண்டிருந்தாள். நமசிவாயம் அவளுடைய கூடையைக் காலால் எத்திவிட்டார்.

"எழும்ப ஏலாதெண்டால் வீட்டில போய்ப் படு!"

எல்லாருக்கும் முந்தி அக்கா அன்றைக்கு எழும்பினார். மடித் தேயிலையை உதறினார். "கிளம்புங்கடி!" என்றார்.

பேர்ணடெற்றைத் தூக்கி நிறுத்தி, நடுவில் விட்டுக்கொண்டு, அத்தனை பெண்களும் வெளியே வந்துவிட்டார்கள். கதவடியில் நெரிசல். அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்து, ஒரு யன்னல் கண்ணாடி உடைந்தது.

மறுநாள் பொலிஸ் அக்காவைப் பிடித்துப்போனது. கண்ணாடிக்காக அல்ல, அந்தச் சொல்லுக்காக. கிளாக்கர் அதை இங்கிலீசில் "ரைஸ் அப்" என்று பொலிசுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். கிளர்ந்தெழுங்கள் என்று கூச்சல் போட்டுக் கலகத்துக்குத் தூண்டினாள் என்பது வழக்கு.

"இது விளையாட்டில்லை தம்பி" என்றார் ஒஸ்வால்ட். "முதல்ல மறியல்சாலையில அடைப்பான்கள். பிறகு கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிப்போடுவான்கள்."

கிளாக்கர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து ஆள். எங்கள் பக்கத்தில் ஓரிடத்துக்குப் புறப்படுகிறவன் வெளிக்கிடுவான். கிளம்புவது புழுதியும் புரளியும் கலகமும்தான். ஆனால் அடுத்த அறையில் இருக்கிற எனக்கு வெள்ளிக்கிழமைதோறும் அக்கா பைப்படிப் பெண்களைக் கூப்பிடுகிறது சுவருக்கு அப்பால் கேட்கிறதே: "கிளம்புடி, கோயிலுக்கு நேரமாச்சு!" கோயிலுக்குப் போக யாரும் கலகம் செய்வதில்லை. இதை நான் சொன்னதும் ஒஸ்வால்ட் மேசையில் தட்டினார்.

"கெட் அப், ஸ்டாண்ட் அப், செற் அவுட்... எது வேணுமெண்டாலும் இருக்கட்டும், ரைஸ் அப் மட்டும் வேண்டாம். வீட்டுக்குப் போகச் சொன்னனான் எண்டு சொல்லிப்போட்டு வாயை மூடச் சொல்லும்."

பிணையில் வந்திருந்த அக்காவிடம் சொன்னேன்.

"அதத்தானே சொன்னேன்" என்றார்.

"ஓம் அக்கா. அவ்வளவும் போதும்."

"அவ்வளவு மட்டும் இல்லையே, தம்பி."



புதுக்கடைக் கோட்டில் நீதவான் வெள்ளைக்காரர். மொழிபெயர்க்கிற முதலியார் யாழ்ப்பாணத்தவர். ஒஸ்வால்ட் எழும்பி, இந்தப் பெண்ணின் ஊர்ப்பேச்சில் அந்தச் சொல்லுக்குப் புறப்படுவது என்றுதான் பொருள் என்று சொன்னார். நீதவான் முதலியாரைப் பார்த்தார். "அப்படியும் இருக்கலாம், பிரபு. நாங்கள் அப்படிச் சொல்லுறதில்லை" என்றார் முதலியார். எழும்பச் சொன்னாளா, போகச் சொன்னாளா, கலகம் செய்யச் சொன்னாளா, அவளிடமே கேள் என்றார் நீதவான்.

முதலியார் கேட்டார்: "நீர் அவையளை எழும்பச் சொன்னீரோ, வெளிக்கிடச் சொன்னீரோ, கிளம்பச் சொன்னீரோ?"

"கிளம்பத்தான் சொன்னேன்."

முதலியார் இங்கிலீசில் வாயைத் திறந்தவர், திறந்தபடி நின்றார். எந்தச் சொல்லைப் போடுவது? பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். ஒஸ்வால்ட் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா காத்திருக்கவில்லை. "ஐயா, நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. எந்திரி, எந்திரின்னு தெனமும் சொன்னது அவங்க. அன்னைக்கு எந்திரிச்சோம். கூடைய எத்தினதுக்கப்புறம் எதுக்குத் திரும்பக் குந்தணும்? வீட்டுக்குக் கிளம்பிட்டோம். இதுக்கு உங்க இங்கிலீசுல என்ன பேரோ அதப் போட்டுக்குங்க."

முதலியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒரு சொல்லையும் விழுங்காமல், ஒன்றையும் கூட்டாமல், முழுவதையும் இங்கிலீசில் சொன்னார். கூடை என்ற இடத்தில் நீதவான் பேனையை வைத்துவிட்டு நமசிவாயத்தைப் பார்த்தார்.

"எத்தினது உண்மையா?"

"கால் தட்டுப்பட்டது, பிரபு."

வீட்டுக்குப் போவது குற்றமில்லை என்று வழக்கைத் தள்ளிய நீதவான், ஒரு புத்திமதியும் சொன்னார். கிளாக்கரிடம் மன்னிப்புக் கேட்டால் வேலை திரும்பக் கிடைக்கலாமே.

"அவரு பேர்ணடெற்கிட்டக் கேக்கட்டும். அப்புறம் நான் யோசிக்கிறேன்" என்றார் அக்கா. அதையும் முதலியார் சொன்னார், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

வெளியே பெண்கள் நின்றார்கள். ஒருத்தியும் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. அங்கிருந்து நேரே ஸ்டோருக்கு நடந்தோம். கேற்றில் சிங்கள வாச்சர் தலையைச் சொறிந்தான். "அக்கே, உன்னை மட்டும் விட வேண்டாமாம். மற்ற ஆட்கள் போகலாம்."

மற்ற ஆட்கள் கேற்றுக்குக் குறுக்கே குந்திவிட்டார்கள். அக்கா நடுவில். உள்ளே பொறுக்காத தேயிலை குவிந்து கிடந்தது. அதை ஏற்றத் துறைமுகத்தில் கப்பல் காத்து நின்றது. மத்தியானம் துரையின் கார் வந்தது. ஹோர்ன் அடித்தது. துரை இறங்கி, தோட்டத்தில் படித்த தமிழில் கத்தினார்.

"எழும்பு! எழும்பு!"

ஒருத்தியும் அசையவில்லை. கேற்றுக்கு உள்ளே நின்ற நமசிவாயமும், "எழும்புங்கோவன் பிள்ளையள்" என்று கெஞ்சத் தொடங்கினார். பிள்ளையள் என்ற சொல் அவர் வாயில் இருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"யாரை எந்திரிக்கச் சொல்றீங்க?" என்றார் அக்கா, குந்தினபடியே. "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

துரை கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் நிலத்தைப் பார்த்தார். கார் ஓடிக்கொண்டே நின்றது. கடைசியில் கிளாக்கர் வாச்சரிடம் கேற்றைத் திறக்கச் சொல்லிவிட்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்:

"இராமலெட்சுமி! உள்ள வாரும்."

அக்கா சேலையைத் தட்டிக்கொண்டு, அவசரப்படாமல் ஆறுதலாக எழும்பினார். அவருக்குப் பின்னால்தான் மற்றவர்கள்.