மேக அறையும் தரை அறையும்

எனக்குப் பின்னால் மூன்று தம்பிகள், கடைசியாக ஒரு தங்கை. அவள் வீட்டுக்காரரை அலுவலகத்தில் 'மேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளி கிரகத்தைச் சுற்றும் விண்கலம் அனுப்பும் தகவல்களைப் பார்த்து, அங்கே மேகத்துக்கு மேலே கந்தக வாயு கூடுகிறதா குறைகிறதா என்று சொல்வது அவர் வேலை.

"நம்ம மாடி ஒழுகுறது தெரியல. கோடி மைலுக்கு அந்தாண்ட மேகம் மட்டும் தெரியுது" என்பாள் தங்கை.

"பக்கத்துல இருக்கறதை நீ பாத்துக்கோ" என்பார்.

அடுத்த அறைக்காரர் 'மண்'. வெள்ளியை மூடிய மேகம் ஒருநாளும் விலகாது என்பதால் ரேடார் வைத்துத்தான் தரையைப் படம் எடுப்பார்கள். மலை, பிளவு, எரிமலை வாய் எல்லாம் அவர் பொறுப்பு. திங்கள்தோறும் இருவரும் நடு அறை மேசையில் தங்கள் படங்களை விரித்து வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். வாயு ஏறி இறங்குவது எரிமலை கக்குவதாலா, வெறும் காற்று கீழிருந்து அள்ளிவருவதாலா? அதைத் தெரிந்துகொண்டுதான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவேன் என்பது மேகத்தின் ஒரே ஆசை.

சிநேகம் முற்றிச் சம்பந்தமாயிற்று. தங்கை மகள் மண் வீட்டு மருமகளானாள். ஒத்துவரவில்லை என்று இரண்டு வருடத்தில் பிள்ளைகள் சத்தமில்லாமல் பிரிந்தார்கள். இன்றைக்கும் ஃபோனில் பேசிக்கொள்கிறார்கள். பேச்சை நிறுத்தியது அப்பாக்கள்தான். மேசை காலியாகக் கிடந்தது. ஒருவர் டீக்குப் போனால் மற்றவர் எழுந்திருக்க மாட்டார்.

அந்த வருடம்தான் வாயு திடீரென்று ஏறியது. கலத்தில் எரிபொருள் தீரும் தறுவாய். கருவியை ஒரே ஓர் இடத்தின் மேல்தான் நிறுத்திப் பார்க்க முடியும். எந்த இடம் என்று மேகம் சொல்ல வேண்டும்.

"சம்பந்திகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் தங்கை.

"பொண்ணைப் பெத்தவன்னு நான்தான் போய் நிக்கணுமா? வேணும்னா அவர் வரட்டும்."

இருப்பதிலேயே பெரிய மலையைத் தேர்ந்தெடுத்தார். கருவிக்கு அங்கே ஒன்றும் தட்டுப்படவில்லை. கலம் அந்த மேகத்துக்குள்ளேயே விழுந்து எரிந்துபோனது.

இருவருக்கும் ஓய்வு வந்த பிறகு, நான் தங்கை வீட்டில் இருந்த சமயம், மண் வந்தார். பிள்ளைகள் பிரிந்தும் அவரை வேறு முறை சொல்லிக் கூப்பிட எங்களுக்குத் தெரியவில்லை.

"வாங்க சம்பந்தி" என்றாள் தங்கை.

அவர் கையில் இரண்டு படங்கள். இரண்டும் ஒரே எரிமலை, நடுத்தரமான ஒன்று. முதல் படத்தில் வட்டமாக இருந்த வாய், அடுத்ததில் அகன்று கோணிப்போயிருந்தது.

"ரெண்டாவது எப்ப எடுத்தது?" என்றார் மேகம்.

"வாயு ஏறுச்சே, அதுக்கு முந்தின மாசம். படம் எடுத்த கோணம்தான் அப்படிக் காட்டுதோன்னு சந்தேகம். உங்ககிட்ட கேக்கலாம்னு கதவு வரைக்கும் வந்தேன்."

"தட்டியிருக்கலாமே, சம்பந்தி."

"தட்டியிருந்தா தொறந்திருப்பீங்களா?"

மேகம் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுவா இருக்கலாம்" என்றார் கடைசியில். "காத்தாவும் இருக்கலாம். கருவியை இங்க நிறுத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. "இன்னொரு கலம் போகாதா?" என்றேன்.

"போகும்" என்றார் மண். "பாக்க நாங்க இருக்க மாட்டோம்."