வந்து சேராதவர்களுக்கும் சில பக்கங்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நூலகத்தைத் திறந்து நாளிதழ்களை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் அருளப்பன் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"யம்மா, ராயப்பன் அண்ணாச்சி விடியக்காலம் போயிட்டாவ. அந்தப் பொஸ்தகத்தக் கொஞ்சம் தாங்க. அவுக வீட்டுக் கல்லறை எந்த வரிசைன்னு பாக்கணும்."

"உங்களுக்குத் தெரியாத வரிசையா, அருளப்பன்?"

"தெரியும்மா. ஆனா பொஸ்தகத்தப் பாக்காம மம்பட்டியப் போட்டா அவுக ஏசுவாவ."

இருவரும் சிரித்துவிட்டோம். அலமாரியிலிருந்து கல்லறைக் கையேட்டை எடுத்துக் கொடுத்தேன்.

திரு. ராயப்பன் பர்னாந்து அவர்களை அறியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவர்கள் தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டாலி கிளார்க்காக இருந்தவர்கள். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணி, எது எந்த இடத்தில் இருக்கிறது என்று தாளில் குறிக்கும் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அவர்கள் நம் ஊர்க் கல்லறைகளை எண்ணிக் கையேடாக்கத் தொடங்கினார்கள்.

காரணம் சிறியது. கொழும்பிலிருந்து ஒருவர் தம் பாட்டனாரின் கல்லறையைத் தேடி வந்து, இரண்டு நாள் வெயிலில் அலைந்து, கிடைக்காமல் திரும்பிப் போனார். அவர் களைத்து உட்கார்ந்திருந்த வேப்பமரத்துக்குப் பத்தடி தள்ளித்தான் அந்தக் கல் இருந்ததென்று பிறகு தெரிந்தது. "கப்பல் நெறையச் சரக்கு இருந்தாலும் ஒரு மூட்டைய அரைமணியில எடுத்துருவோம். ஒரு மனுசன எடுக்க முடியலன்னா நமக்கு வெக்கக்கேடு இல்லியா?" என்று நூலகத்தில் வந்து என்னிடம் கேட்டார்கள். அன்றுதான் எங்கள் முதல் அறிமுகம். என்னிடம் தட்டச்சுப் பொறி இருப்பதை விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள். "பிரதி எடுக்க ஸ்டென்சில் வெட்டித் தருவீங்களா தங்கச்சி? கூலி கெடையாது. சுக்குக்காப்பி உண்டு."

இரண்டு ஆண்டுகள் சுக்குக்காப்பி குடித்தேன்.

வாசலிலிருந்து வரிசை எண், வரிசைக்குள் கல் எண் என்று தோட்டம் முழுவதையும் கப்பலின் சரக்கறைபோலப் பிரித்தார்கள். ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளுக்கு முன்பு அடிக்கிற சுண்ணாம்பு, கல்லின் எழுத்துகளை மூடியிருந்தது. ஈரத் தேங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்து, மாலை ஐந்து மணி வரை காத்திருப்பார்கள். "வெயில் சாயட்டும். எழுத்து தானா எந்திரிச்சு நிக்கும்" என்பார்கள். நின்றது. சொந்தம் தேடுகிறவர்களுக்கு அவர்கள் சொன்ன வழியும் எளியது: "ஒங்க கல்ல மட்டும் பாத்துட்டுப் போயிராதீங்க. பக்கத்துக் கல்லையும் வாசிங்க. பொண்ணு குடுத்தவனும் ஞானத்தகப்பனும் அங்கனதான் கெடப்பான்." இந்த வழியைப் பின்பற்றி ஒரு கல்யாணப் பேச்சே நின்றுபோனது. இரண்டு வீட்டுக்கும் ஒரே பாட்டன்.

தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் கீழே ஒரு வரி காலியாக விடச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன்.

"ஆள் வரும்லா?"

ஏழாம் வரிசையின் பதினொன்றாம் கல்லை அவர்கள் தேய்த்த மாலையில் நானும் உடன் இருந்தேன். அது என் தகப்பனாரின் கல். தோணியைச் செலுத்தும் தண்டலாக இருந்த அவர் எனக்கு ஆறு வயதானபோது இறந்தார். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அம்மா என்னை அங்கே கூட்டிப்போய், "அப்பா இங்கனதான் இருக்காவ" என்று சொல்லி மெழுகுதிரி ஏற்றுவார்கள். வெயில் சாய்ந்தது. எழுந்து நின்ற பெயர் என் தகப்பனாருடையது அல்ல.

அண்ணாச்சி கல்லைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"இத விட்டுருங்க அண்ணாச்சி. எழுத்து தெரியலன்னு போட்டுருவோம். அம்மாவுக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்றேன். படித்தவள், நூலகத்தில் வேலை பார்ப்பவள், பொய் எழுதச் சொன்னேன். அதை இன்று மறைக்க விரும்பவில்லை.

அவர்கள் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார்கள். கொழும்பிலிருந்து வேறொரு பெண் தம் தாத்தாவைத் தேடி எழுதியது. கல்லில் இருந்த அதே பெயர், அதே தகப்பன் பெயர். "இவளுக்கும் இது ஒண்ணுதான் தங்கச்சி. ஒங்கம்மாட்ட நானே பேசுதேன்."

மறுநாள் அம்மா சொளவில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்தார்கள். தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அம்மா சொளவைக் கீழே வைக்கவே இல்லை.

"எனக்குத் தெரியாதாக்கும்? இவ அப்பா தோணியோட போனவரு. சட்டைத்துணி கூடக் கரைக்கு வரல. எல்லாப் பிள்ளையளும் அப்பாவுக்குத் திரி வைக்குதே, நம்ம அப்பா எங்கன்னு இவ நச்சரிச்சா. கடலக் காட்டவா முடியும்? யாரும் திரி வைக்காத கல்லாப் பாத்து இழுத்துட்டுப் போனேன். அந்த மனுசனுக்கும் ஒரு வெளிச்சமாச்சு."

நாற்பது வயதைக் கடந்தவள், அப்போதுதான் என் தகப்பனாரை இரண்டாம் முறை இழந்தேன். என் தாயை முதல்முறையாகப் பார்த்தேன்.

"கல்லுல உள்ள பேரையே போடும் ராயப்பா. இல்லன்னா அந்தப் பிள்ளை வந்து எங்க நிக்கும்?" என்ற அம்மா, கொஞ்சம் கழித்துக் கேட்டார்கள்: "சரி, எம் வீட்டுக்காரரு ஒம்ம பொஸ்தகத்துல எங்க வருவாரு?"

அண்ணாச்சி குடையை எடுத்துக்கொண்டார்கள். எழுந்து போய்விட்டார்கள்.

அடுத்த நாள் நான் வருமுன்பே நூலக வாசலில் நின்றார்கள். கையில் பழைய டாலித் தாள் ஒன்று. கடைசிப் பத்தியை விரலால் தொட்டுக் காட்டினார்கள். 'வந்து சேரவில்லை' என்று அதன் தலைப்பு. அனுப்பியதாகச் சொல்லப்பட்டுக் கரை இறங்காத சரக்கைக் குறிக்கும் பத்தி.

"முப்பது வருசம் இந்தப் பத்தி இல்லாம ஒரு தாள் நான் குடுத்ததில்ல. கல்லறைக்குப் போட மறந்துட்டேன் தங்கச்சி. இது எம் பிழை."

கையேட்டின் கடைசிப் பகுதி அப்படித்தான் பிறந்தது. கோயில் காரியங்களைக் கவனிக்கும் ஒருவர், "இங்கன இல்லாதவன் பேரு கல்லறைப் பொஸ்தகத்துல எதுக்குவே?" என்று கேலி செய்தார். "இல்லன்னு எழுதுனாத்தான்வே அவன் இருந்தான்னு தெரியும்" என்றார்கள் அண்ணாச்சி.

ஒரு பக்கம் போதும் என்று நினைத்தோம். செய்தி பரவியது. புன்னைக்காயலிலிருந்துகூடப் பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். தோணியோடு போனவர்கள், வலைக்குப் போனவர்கள், முத்துக்குளிக்க மூழ்கி எழாதவர்கள். பெயர், ஏறிய தோணி, புறப்பட்ட கரை, வீட்டார் திரி ஏற்றும் இடம் என்று ஒவ்வொன்றாக என் மேசைக்கு முன்னால் நின்று சொன்னார்கள். ஒரு மூதாட்டி தம் கணவர் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு, மகனைவிட்டுச் சொல்லச் செய்தார். ஒரு பக்கம் ஒன்பது பக்கமானது. என் தகப்பனார் பெயருக்கு எதிரே, 'திரி ஏற்றுமிடம்: வரிசை ஏழு, கல் பதினொன்று, வேறு வீட்டாரின் கல்லறையில்' என்று நானே தட்டச்சு செய்தேன். என் வாழ்நாளில் நான் அடித்தவற்றுள் எனக்குப் பெருமை தரும் வரி அதுதான்.

அந்தக் கொழும்புப் பெண் கையேட்டோடு வந்தார். வாசலிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்து, யாரையும் கேட்காமல் கல்லின் முன் போய் நின்றார். அம்மா அங்கே திரியோடு காத்திருந்தார்கள். "ஒங்க தாத்தாவ நாங்க இருட்டுல விடல மக்களே" என்றார்கள். தூரத்தில் வேப்பமரத்தடியில் அண்ணாச்சி குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

புதன்கிழமை மாலை, வெயில் சாயும் நேரத்தில் அடக்கம் நடந்தது. அண்ணாச்சி கல்லெழுத்து வாசிக்கும் நேரம் அது. சுற்றிலும் எல்லாக் கல்லிலும் எழுத்துகள் எழுந்து நின்றன. கூட்டம் கலைந்த பிறகு, நூலகப் பிரதியை அருளப்பனிடமிருந்து வாங்கிப் பிரித்தேன். வரிசை பதினான்கு, கல் மூன்று. அவர்கள் மனைவியின் பெயருக்குக் கீழே, நான் காலியாக விட்ட வரி. மையால் பெயரை எழுதினேன்.

"கீழ ஒரு வரி விட்டீங்களாம்மா?" என்றார் அருளப்பன்.

விட்டிருக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில், மூட்டை எண்ணும் உங்கள் வழக்கப்படி, நேராக ஒரு கோடும் போட்டிருக்கிறேன் அண்ணாச்சி. நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்.