ஆரணி நிலநடுக்கத்துக்கு அமாவாசை லீவு

நிலநடுக்கம் பதிவு செய்யும் வேலை என்பது, வருவாரா என்றே தெரியாத விருந்தாளிக்காகத் தினமும் வாசல் கூட்டி வைப்பது. சொந்தக்காரர்களிடம் தன் வேலையை விளக்கிச் சொல்லித் தோற்றுப்போன அத்தனை பேருக்கும் என் அனுதாபங்கள். நிலவியல் படித்துவிட்டு, இரண்டு வருடம் பட்டுக்கடையில் புடவை மடிப்புப் பிரித்துக் காட்டியவள் நான். ஆரணியை அடுத்த சேவூரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இந்த ஒப்பந்த வேலை கிடைத்தபோது சாமிக்குத் தேங்காய் உடைத்தேன். அதோடு நிம்மதியும் உடைந்தது.

எப்போ வரும்?

நிலநடுக்கத்தைப் பதியும் கருவி இருக்கும் அறைக்குச் சொந்தக்காரர் ஏகாம்பரம். அடுத்த கட்டடத்தில் அவருடைய விசைத்தறிகள் ஓடுகின்றன. முதல் நாளே வந்து, "நிலநடுக்கம் எப்போ வரும்னு இந்த மெஷினு சொல்லிடுமா?" என்றார். நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். பூமியின் மேல் ஓடு பெரிய பெரிய தட்டுகளாக இருக்கிறது, நகம் வளர்கிற வேகத்தில் அவை நகர்கின்றன, விளிம்புகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன, தாங்க முடியாமல் ஒரு நாள் சட்டென்று வழுக்கும்போது தரை அதிர்கிறது, அந்த நாள் எதுவென்று மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வந்தப்புறம் சொல்றதுக்கு எதுக்குங்க மெஷினு? அது எங்களுக்கே தெரியுமே."

மலை வெடிக்குமா?

தெருமுனையில் பூக்கட்டும் கமலாக்கா ஒரு நாள் ரகசியமாகக் கேட்டார், திருவண்ணாமலை எரிமலையா என்று. இல்லை என்றேன். பூமிக்குள் உருகிய பாறை மேலே வர வழி கிடைக்கிற இடத்தில்தான் எரிமலை உண்டாகும், பெரும்பாலும் தட்டுகளின் விளிம்பில். நாம் விளிம்பிலிருந்து வெகுதூரம். அந்த மலை எப்போதோ ஆறிப்போன பழம்பாறை, பயப்படாமல் போய் வாருங்கள் என்று தைரியம் சொன்னேன். அக்கா முகத்தில் நிம்மதியைக் காணோம்.

"அடியில நெருப்பு இருக்குதுன்னா கிரிவலத்துக்குச் செருப்பு போட்டுகினு போலாமேன்னு பாத்தேன். நீ அதையும் கெடுத்துட்ட."

தறியா, பூமியா?

உண்மையான தலைவலி ஏகாம்பரத்தின் தறிகள். காலையில் அவை ஓட ஆரம்பித்ததும் கருவியின் கோடு துடைப்பம் மாதிரி தடித்துவிடும். அந்தத் தடிப்புக்குள் நிஜ நிலநடுக்கம் வந்தாலும் தேடிப் பிடிக்க முடியாது. எங்கள் சென்னை ஆபீஸ் அதிகாரி போனில், "மூணு மாசம் பாக்கலாம்மா. இப்படியே இருந்தா மெஷினை அமைதியான தேசூருக்கு மாத்திட்டு, அங்கயே ஒரு ஆளைப் போட்டுக்கறோம்" என்றார். எனக்குக் கண்ணெதிரே பட்டுக்கடை தெரிந்தது. ஓடினேன் ஏகாம்பரத்திடம். தினம் ஒரு மணி நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று கெஞ்சினேன்.

"முகூர்த்த சீசன்ல தறிய நிறுத்தச் சொல்றீங்களே, ஒரு மணி நேரம் பூமிய நிறுத்திப் பாருங்களேன்."

சந்திரன் செய்த வேலை

மூன்றாம் மாத முடிவில் அதிகாரி அழைத்தார். குரலில் தேன். மாதத்தில் ஒரே ஒரு நாள் பகலிலும் கோடு சுத்தமாக அமைதியாகிறது, காலண்டரைப் பார்த்தால் மூன்றும் அமாவாசை என்றார். கடலை இழுக்கிற சந்திரன் ஆரணித் தரையையும் ஏதோ செய்கிறது, பௌர்ணமிக்கு ஏன் செய்யவில்லை என்பதுதான் ஆராய்ச்சி, தான் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதால் மெஷின் அங்கிருந்து அசையவே கூடாது என்றார்.

அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. நெசவுக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் லீவு. இது சேவூரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைக்கும். திறந்தால் பட்டுக்கடை. ஒரு நாள் முழுக்க மூடித்தான் வைத்திருந்தேன், மறைக்க மாட்டேன். ஆனால் பொய்ப் பதிவைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்காருவதற்குப் புடவை மடிப்பதே மேல் என்று தோன்றிவிட்டது. மறுநாள் போன் போட்டு, "சார், அது சந்திரன் இல்ல, ஏகாம்பரம்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு மெதுவாகக் கேட்டார்: "இத வேற யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களாம்மா?"

தேசூர்

அடுத்த வாரம் கருவியைக் கழற்ற அதிகாரியே நேரில் வந்தார். நான் அறைச் சாவியையும் பதிவேட்டையும் நீட்டினேன். ஏகாம்பரம் வாசலில் நின்று, என் கண் கலங்கியதைப் பார்த்து, முதன்முறையாகச் சங்கடப்பட்டார். அதிகாரி சாவியை மட்டும் ஏகாம்பரத்திடம் கொடுத்தார். பதிவேட்டை என்னிடமே திருப்பித் தந்தார்.

"தேசூருக்கும் நீங்களே வாங்கம்மா. சந்திரனைப் பத்தி எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும், தறி லீவு தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்ல."

பூமி எப்போது நகரும் என்று எவராலும் சொல்ல முடியாது, நான் மட்டும் தினமும் காலையில் தேசூருக்குப் போகும் முதல் பஸ்ஸுக்குத் தவறாமல் நகர்கிறேன்.