கூப்பிடாத பெயர்

கடந்த ஆண்டு மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நிவித்திகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாட்களாக மழை விடவில்லை. நான் அங்கே பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். எதையும் நேரம் போட்டு எழுதி வைப்பது என் பழக்கம். அதனாலேயே தோட்டத்து அனர்த்தக் குழுவில் பெயர்ப் பட்டியல் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். தோட்டத்துத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலை வைத்து, காம்பரா வாரியாக எழுதி, இரண்டு முறை சரிபார்த்திருந்தேன்.

காலை பதினொன்றே காலுக்குக் கிராம சேவகர் போன் செய்து, மண்சரிவு அபாயம், மேல் லயத்தை உடனே காலி செய்யுங்கள் என்றார். வரிசையாக ஒட்டியிருந்த காம்பராக்களின் ஒவ்வொரு வாசலிலும் நின்று பெயர் கூப்பிட்டேன். அவரவர் பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு இறங்கினார்கள். வேலைக்குப் போயிருந்தவர்கள் நேராக அங்கே வந்தார்கள். கடைசியாக, ஒன்றரை மணிக்கு, ஆலையிலிருந்து நனைந்துகொண்டு வந்த ஓர் அக்காவின் பெயருக்குக் கோடு போட்டேன். நாற்பத்தேழு பெயர், நாற்பத்தேழு பேர்.

"ஒக்கோம ஆவாத, மிஸ்?" எல்லோரும் வந்தாயிற்றா என்று கிராம சேவகர் சிங்களத்தில் கேட்டார். எல்லோரும் என்றேன். அவர் அதை மேலிடத்துக்குச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த அக்கா பாடசாலை மண்டபத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், எங்க பின்னுக்கு இருக்கிற புள்ளத்தாச்சிய எங்க படுக்க வச்சிருக்கீங்க?"

கையிலிருந்த பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். அவருடைய நாத்தனார் மகள் அவள். முந்தின வருடம் பெல்மதுளைப் பக்கம் அவர்கள் லயத்தை மண் மூடிய பிறகு புருஷனோடு இங்கே வந்து, அக்காவின் அடுப்படிக் குசினிக்குப் பின்னால் தகரம் போட்டு இருந்தாள். புருஷனுக்குக் கொழும்பில் கடை வேலை. எங்கள் செக்ரோலில் இரண்டு பேருமே இல்லை. அவளை எனக்கு நன்றாகத் தெரியும். அன்று அந்தக் காம்பரா வாசலில் நின்றுதான் மற்றவர்களைக் கூப்பிட்டேன்.

மேலே போகக்கூடாது என்று கிராம சேவகர் தடுத்தார். நிற்கவில்லை. நானும் அக்காவும் ஏறினோம். வடிகானில் செம்மண் குழம்பு ஓடியது. லயத்துக்கு மேலே, காலையில் இல்லாத ஒரு வெடிப்பு, என் பாதம் நுழையும் அகலத்துக்கு. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

அவள் செருப்பைப் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, தகரக் கதவருகே உட்கார்ந்திருந்தாள்.

"பேரு கூப்பிடுவீங்கன்னு இருந்தேன் டீச்சர். போன தடவ முகாமுக்குப் பேரு இல்லாமப் போயி, திருப்பி அனுப்பிட்டாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவள் தோளைப் பிடித்துத் தூக்கினார். "மல இடிஞ்சா, பேரு கூப்பிட்டுட்டாடி வரும்? எந்திரி."

எட்டு மாதம். வேகமாக இறங்க முடியவில்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். மூன்று இடத்தில் நின்றாள். ஒவ்வொரு முறையும் நான் மேலே பார்த்தேன். பாடசாலைக்கு வந்தபோது மணி இரண்டு ஐம்பது.

மூன்று முப்பத்தைந்துக்குச் சத்தம் கேட்டது. பல லொறிகள் ஒரே நேரத்தில் கல்லைக் கொட்டியது போல இருந்தது. லயத்தின் முன் காம்பராக்கள் இடியாமல் நின்றன. பின்பக்கத்துக் குசினிகளும் அந்தத் தகரக் கொட்டிலும் இல்லை. அக்கா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் என் கையை விடவே இல்லை.

அவளுக்கு ஜூனில் பெண் குழந்தை பிறந்தது. இப்போதெல்லாம் மழைக்காலத்துக்கு முன் லயங்களின் பின்பக்கமாக நடந்து, அடுப்புப் புகையும் கொடியில் துணியும் இருக்கிற இடமெல்லாம் கதவைத் தட்டி, இங்கே யார் யார் தூங்குகிறீர்கள் என்று கேட்டு எழுதுகிறேன். அன்றைய பட்டியலையும் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பிழைகூட இல்லை என்பதுதான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது.